ஆற்று டிரவுட், கிரேலிங் இரண்டுக்கும் எந்த ஃப்ளை லைன்? இப்போதுள்ள லைன் தண்ணீரில் அறைகிறது

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது எட்டரை அடி, 4 எண் ராடு. பாதி வரை நன்றாக வளையும் வகை. சிறிய, நடுத்தர ஆறுகளில்தான் மீன்பிடிக்கிறேன். பெரும்பாலும் 6 முதல் 12 மீட்டர் தூரம், அகலமான இடங்களில் 15 மீட்டர் வரை வீச வேண்டியிருக்கும். கோடையில் டிரவுட்டுக்கு டிரை ஃப்ளை, அதாவது நீர்மேல் மிதக்கும் போலிப் பூச்சி. இலையுதிர் காலம் தொடங்கியதும் கிரேலிங்குக்கு நிம்ஃப், அதாவது மூழ்கும் போலிப் பூச்சி.

ரீலில் இருப்பது டபிள்யூ எஃப் 4 (முன்பகுதி தடித்து, பின்னால் மெல்லியதாக ஓடும் வகை) மிதக்கும் லைன். கிட்டத்தில் வீசும்போது அதன் முனை ‘சளக்’ என்று விழுகிறது. தெளிந்த, ஆழமில்லாத நீரில் அந்தச் சத்தத்துக்கே டிரவுட் ஓடிவிடுகிறது. 15 மீட்டரில் மென்டிங் செய்தால், அதாவது நீரில் கிடக்கும் லைனைத் தூக்கிப் புரட்டிப் போட்டால், ராடுக்குப் பக்கத்திலுள்ள மெல்லிய பகுதி மட்டும் புரள்கிறது. முன்னால் இருக்கும் தடித்த பகுதி கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, நீரோட்டம் அதை வளைத்து ஃப்ளையை இழுத்துவிடுகிறது. போதாததற்கு, கடைசி ஒரு மீட்டர் இப்போது மூழ்கவும் தொடங்கியிருக்கிறது.

புது லைன் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இரு முனையும் ஒல்லியாகும் டி டி வாங்குவதா, டபிள்யூ எஃப்பே போதுமா? ஒரே லைனில் இரண்டு மீனையும் சமாளிக்க முடியுமா, இல்லை கிரேலிங்குக்கென்று தனியாக யூரோ நிம்ஃப் லைன் வேண்டுமா?

பதில் 1

வாங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். முனையிலிருந்து 9.14 மீட்டர், அதாவது 30 அடி, அளந்து அடையாளம் வையுங்கள். அந்தப் பகுதியை மட்டும் சுருட்டி, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசில் எடை பாருங்கள். லைன் எண் என்பது இந்த முதல் 30 அடியின் எடைதான். 3 எண் என்றால் 6.5 கிராம், 4 எண் 7.8 கிராம், 5 எண் 9.1 கிராம், 6 எண் 10.4 கிராம். கூடவே தலைப் பகுதியின் நீளமும் சொல்லுங்கள். தடித்த பகுதி முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் இடத்தை விரலாலேயே உணரலாம்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். 9.3 கிராம் காட்டுகிறது. தலை ஏறத்தாழ 8.5 மீட்டர். பெட்டியில் தெளிவாக 4 என்றுதான் போட்டிருக்கிறது.

பதில் 1

பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது 5 எண் லைன். இப்போது வரும் டபிள்யூ எஃப் லைன்களில் இது பரவலாக நடக்கிறது. விறைப்பான, வேகமான ராடுகள் கிட்டத்து வீச்சில் வளைவதில்லை என்பதால், அரை எண்ணோ ஒரு எண்ணோ எடை கூட்டிச் செய்கிறார்கள். அந்த மாதிரி ராடுக்கு அது உதவும். உங்கள் ராடு ஏற்கெனவே பாதி வரை வளைவது, அதற்கு இந்தக் கூடுதல் எடை தேவையே இல்லை. அந்த எடை முழுவதும் ‘சளக்’காகத்தான் வெளியே வருகிறது.

மென்டிங் ஏன் நடக்கவில்லை என்பதற்கும் உங்கள் அளவிலேயே விடை இருக்கிறது. 15 மீட்டரில் லீடர் (லைன் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு) 2.7 மீட்டர், கையும் ராடும் எட்டும் தூரம் இன்னொரு 2 மீட்டருக்கு மேல். மீதி ஏறக்குறைய 10 மீட்டர் லைன் ராடு முனைக்கு வெளியே கிடக்கிறது. தலை 8.5 மீட்டரில் முடிந்துவிட்டதால் ராடு முனையில் நிற்பது மெல்லிய ஓட்டப் பகுதி. மெல்லியதை அசைத்துத் தடித்ததைப் புரட்ட முடியாது. ரோல் காஸ்ட் (பின்னால் வீசாமல் லைனை முன்னோக்கி உருட்டிவிடும் வீச்சு) செய்தாலும் இதே கதைதான்.

பதில் 2

ஆற்றுக்கு நான் டி டி பக்கம். இரு முனையும் ஒரே மாதிரி சரிவு, நடுவில் முழுக்கச் சீரான தடிமன். எவ்வளவு லைன் வெளியே இருந்தாலும் மென்டிங்கும் ரோல் காஸ்டும் ஒரே மாதிரி வரும். ஒரு முனை தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், அது பெரிய லாபம். குறை என்றால் ரீலில் அதிக இடம் பிடிக்கும், தூரமாக வீசும்போது வழுக்கிக்கொண்டு ஓடாது. 15 மீட்டருக்குள் மீன்பிடிப்பவருக்கு இரண்டாவது ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டி டி என்றாலே மெதுவாக விழும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. மெதுவாக விழுவது முன்சரிவை, அதாவது முனை நோக்கி லைன் ஒல்லியாகும் பகுதியை, பொறுத்தது. முன்சரிவும் எடையும் ஒன்றாக இருந்தால், டி டியின் முதல் 9 மீட்டரும் டபிள்யூ எஃப்பின் முதல் 9 மீட்டரும் தண்ணீரில் ஒரே மாதிரிதான் விழும். ஆகவே பெட்டியின் பின்பக்கம் சரிவு வரைபடம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். முனை நோக்கி நீளமாக, மெல்ல மெல்ல ஒல்லியாகும் லைன் டிரை ஃப்ளைக்கு. குறுகிய தூரத்தில் சட்டென்று ஒல்லியாவது கனமான நிம்ஃபையும் பெரிய ஃப்ளையையும் புரட்டிப் போடுவதற்கு.

பதில் 3

கிரேலிங் பகுதிக்கு நான் வருகிறேன், எனக்கு மிகப் பிடித்த மீன் அது.

கிரேலிங்கின் வாய் சற்றுக் கீழ்நோக்கி அமைந்தது. பெரும்பாலான நேரம் அடியிலேயே கூட்டமாக நின்று மேயும். மேலே பூச்சி தென்பட்டால் அடியிலிருந்து ஏறக்குறைய நேர்செங்குத்தாக எழுந்து எடுத்துவிட்டுத் திரும்ப இறங்கும். குளிரில் அது அடியை விட்டு அதிகம் நகராது. நிம்ஃப் தரையை ஒட்டி, நீரோட்டத்தின் வேகத்திலேயே போக வேண்டும். கடித்ததும் துப்பிவிடும், ராடு முனைக்கும் நிம்ஃபுக்கும் நடுவில் தொய்வு இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

யூரோ நிம்ஃப் லைன் இந்தத் தொய்வைக் குறைக்கத்தான். சாதாரண லைனைக் காற்றில் தூக்கிப் பிடித்தால் அதன் சொந்த எடையே தொங்கி, நிம்ஃபை நம் பக்கம் இழுக்கும். யூரோ லைன் 0.55 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது, எடையும் சொற்பம். ஆனால் அதன் முழுப் பயன் 10, 11 அடி ராடில்தான். உங்கள் எட்டரை அடியில் லைனைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் தூரமே குறைவு. அந்த லைனில் டிரை ஃப்ளை வீசவும் முடியாது, எடையே இல்லாததால் ராடு வளையாது. இப்போதைக்கு அது வேண்டாம் என்பேன்.

அதற்குப் பதில் இரண்டு வழிகள். ஒன்று, 0.25 மில்லிமீட்டர் நைலானில் ராடு நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு நீள லீடர் கட்டி, நடுவில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு துண்டு நரம்பு வைத்து, கிட்டத்தில் மீன்பிடிக்கலாம். ஃப்ளை லைன் ராடு வளையங்களுக்குள்ளேயே இருந்துவிடும், அதனால் எந்த லைன் என்ற கேள்வியே எழாது. இன்னொன்று, மேலே ஒரு டிரை ஃப்ளை, அதன் கொக்கி வளைவில் அரை மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக டிப்பெட் (ஃப்ளை கட்டும் மிக மெல்லிய கடைசி நரம்பு) கட்டி ஒரு சிறிய டங்ஸ்டன் மணி நிம்ஃப். மேலே போட எனக்குப் பிடித்தது கிளிங்காமர். நெதர்லாந்தின் ஹான்ஸ் வான் கிளிங்கன் 1980களில் கிரேலிங்குக்காகவே உருவாக்கியது அது. உடல் நீர்ப்பரப்புக்குக் கீழே தொங்கும், மேலே நிற்கும் கொண்டை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இதை வீச உங்களுக்குத் தேவை ஒரு நல்ல 4 எண் மிதக்கும் லைன், அவ்வளவுதான்.

பதில் 4

முனை மூழ்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மிதக்கும் லைனின் பூச்சுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்க் கண்ணாடி உருண்டைகள் கலந்திருக்கும், அதனால்தான் மிதக்கிறது. முனையில்தான் பூச்சு மிக மெல்லியது, மிதப்பும் குறைவு. அழுக்கு படிந்தாலே அமிழ ஆரம்பிக்கும். முதலில் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். அப்படியும் மூழ்கினால், லீடரை மாட்டும் முனை வளையம் லைனோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் உள்நூல் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பொருள். வளையத்தை வெட்டிவிட்டு நெயில் முடிச்சில் லீடரைக் கட்டுங்கள். கொசு விரட்டியில் இருக்கும் டீட் லைன் பூச்சைக் கரைத்துவிடும். பூசிக்கொண்ட கையைக் கழுவாமல் லைனைத் தொடாதீர்கள், புது லைனுக்கும் இதே எச்சரிக்கை.

குளிர்காலக் கிரேலிங் என்பதால் இன்னொன்று. வெப்பக் கடல் மீனுக்கான லைன்களின் பூச்சு விறைப்பாகச் செய்யப்படுகிறது. குளிர்ந்த ஆற்றில் அது கம்பிச் சுருள் போல நிற்கும். குளிர் நீருக்கானது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. வளையத்தருகே வெடிப்பு இருக்கிறது, மூழ்குவதற்குக் காரணம் அதுதான். ஒரே ஒரு தயக்கம். சரியான 4 எண் எடைக்கு மாறினால் 6 மீட்டர் வீச்சில் ராடு வளையாமல் போகுமா?

பதில் 1

நியாயமான கேள்வி. 6 மீட்டரில் லீடரும் ராடும் போக வெளியே இருப்பது ஒன்றிரண்டு மீட்டர் லைன்தான். அங்கே 4 எண்ணுக்கும் 5 எண்ணுக்கும் உள்ள எடை வித்தியாசம் ஒரு கிராம் கூட வராது. ஆனால் முன்சரிவு மிக நீளமாக இருந்தால் அந்த ஒன்றிரண்டு மீட்டர் வெறும் ஒல்லி முனையாகவே இருக்கும், அப்போது வீச்சு தொளதொளவென்று வரும். அதனால் நடுத்தரச் சரிவு, 2 மீட்டர் அளவில் இருப்பது, உங்களுக்குப் பொருந்தும். அப்படி ஒரு டி டி 4 எடுங்கள். டபிள்யூ எஃப்தான் கிடைக்கிறது என்றால் தலை 12 மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். எடை விவரம் அச்சிட்டிருந்தால் முதல் 30 அடிக்கு 7.4 முதல் 8.2 கிராமுக்குள் இருக்கட்டும், 4 எண்ணுக்கு ஏற்கப்பட்ட வரம்பு அது.

லீடர் கோடையில் 12 அடி, டிப்பெட் 5 எக்ஸ், அதாவது 0.15 மில்லிமீட்டர். மிகத் தெளிந்த நீரில் 6 எக்ஸ். கிரேலிங்குக்கு டிரை ஃப்ளையும் நிம்ஃபும் சேர்த்துக் கட்டும்போது 9 அடிக்கு இறங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சிக்கிக்கொண்டே இருக்கும். பழைய லைனைத் தூக்கிப் போட வேண்டாம். வளையத்தை வெட்டிச் சரிசெய்து, யாரிடமாவது விறைப்பான 5 எண் ராடு இருந்தால் அதில் போட்டு வீசிப் பாருங்கள், அங்கே அது ஒழுங்காக வேலை செய்யும்.