புதுப்பிப்பு: விரிவுரைக்கு வெளியில செய்ததை எப்பிடிப் பதியிறது?

முந்தின இழையில, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கம்பஸ் படிக்கிற பிள்ளையள் வெளியில செய்யிற வேலையளை எப்பிடி ஆவணப்படுத்துறது எண்டு கேட்டிருந்தன். ‘சேர்ட்டிபிக்கெற்றை ஃபைல்ல போட்டு வை’ எண்டுதான் கனபேர் சொன்னீங்கள். அது காணாது. அதில பேரும் திகதியும் இருக்கும். பிள்ளை என்ன செய்தது எண்டு இராது.

தங்கச்சியின்ர மகள் இப்ப கூகிள் ஷீட் ஒண்டு வைச்சிருக்கிறா. அதில ஒரு வரி: ‘வெள்ள நிவாரணம். பொதி வாங்கினவையின்ர பட்டியலைக் குடும்ப அட்டையோட சரிபார்த்து, ரெண்டு தரம் பதிஞ்ச பேருகளை எடுத்தது. உறுதிப்படுத்தக்கூடியவர்: கிராம அலுவலர்.’ நேர்முகத்தில இதைப் பற்றிக் கதைக்கலாம். சும்மா ‘தலைமைத்துவம்’ எண்டு எழுதினா ஆருக்கு என்ன விளங்கும்?

கைவேலை தெரிஞ்சவைக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ்) இருக்கு. முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையில, பாடநெறிக்குப் போகாமலே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். லீவில தகப்பனோட வயரிங்குக்குப் போற பொடியன், செய்த வேலையின்ர படங்களையும் வீட்டுக்காரரின்ர கடிதத்தையும் சேர்த்து வைக்கட்டும்.

படங்களை வாட்ஸ்அப்பில மட்டும் விடாதேங்கோ, போன் பழுதாப்போனா எல்லாம் போச்சு. உறுதிப்படுத்துற கடிதத்தை வேலை முடிஞ்ச கிழமையே கேட்டு வாங்குங்கோ. பொறுப்பானவர் மாற்றலாகிப் போனாப் பிறகு ஆளைப் பிடிக்கேலாது.