சப்ஜங்டிவ்: ‘உளங்கோள்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சில் ‘சப்ஜங்டிவ்’ என்கிற வினைவடிவத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை வந்த ‘ஐயவினை’, ‘வியங்கோள்’, ‘சார்புவினை’ என்ற மூன்று சொற்களையும் என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வினைவடிவங்களை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் மாதக்கணக்கில் திணறுகிறார்கள். பெயரைக் கேட்டதுமே விதியில் பாதி புரிந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

> ஐயமோ விருப்பமோ இருந்தால் சப்ஜங்டிவ். ‘ஐயவினை’ போதும்.

ஐயா, பிள்ளைகள் வழுக்கி விழுவதே இங்கேதான். ‘நீ இங்கே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி’ என்பதைப் பிரெஞ்சில் ‘ஜெ சுயி கோங்தாங் கெ தூ சுவா லா’ என்பார்கள். எதிரில் நிற்பவரிடம் சொல்கிற வாக்கியம் இது. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை, ஆனாலும் வழக்கமான ‘தூ எ’ வராது. ‘சுவா’ என்ற சப்ஜங்டிவ்தான் வரும். விருப்பத்தை வைத்துப் பெயரிட்டாலும் சிக்கல். ‘வூலுவார்’ (விரும்பு) சப்ஜங்டிவ் கேட்கும். அதற்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிற ‘எஸ்பேரே’ (நம்பியிரு) கேட்காது.

> நம்மிடமே வியங்கோள் இருக்கிறதே?

‘வீவ் லா ஃப்ரான்ஸ்’ என்பதற்கு ‘பிரான்சு வாழ்க’ அப்படியே பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வியங்கோள் தனித்து நின்று வாக்கியத்தை முடிக்கும் வினை. சப்ஜங்டிவ் பெரும்பாலும் ‘கெ’ என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின்னால், இன்னொரு வினையை அண்டி வரும். தவிர, ‘வாழ்க’ என்பது இடம், பால் எல்லாவற்றுக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது. பிரெஞ்சிலோ ‘வா’ என்ற வினைக்கு ‘நீ’ என்றால் ‘வியென்’, ‘நாம்’ என்றால் ‘வெனியோங்’ என்று வடிவம் மாறும். நம் இலக்கணத்தில் தெளிவாக இருக்கிற ஒரு சொல்மேல் இன்னொரு பொருளை ஏற்றி இரண்டையும் குழப்ப வேண்டாம்.

‘சார்புவினை’ லத்தீன் மூலத்துக்கு நேர்மையான மொழிபெயர்ப்புதான். அந்தச் சொல்லுக்கு ‘கீழே இணைக்கப்பட்டது’ என்று பொருள். ஆனால் ‘நீ வருகிறாய் என்று எனக்குத் தெரியும்’ என்பதிலும் சார்பு வாக்கியம் இருக்கிறது, அங்கே சப்ஜங்டிவ் வருவதில்லை.

சரி, என் யோசனை. பேசுபவர் ஒரு செய்தியைத் தன் பொறுப்பில் ‘இது இப்படி’ என்று கூறினால் இண்டிகேட்டிவ். அதைக் ‘கூற்றுப்பாங்கு’ எனலாம். கூறாமல், மனத்தில் வைத்துக்கொண்டு அதன்மேல் ஆசையோ அச்சமோ மகிழ்ச்சியோ தேவையோ காட்டினால் சப்ஜங்டிவ். உளத்தில் கொள்வதால் அது ‘உளங்கோள்’. வியம் என்றால் ஏவல். அதிலிருந்து வியங்கோள் வந்த வழியிலேயே இதுவும் வருகிறது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “அப்படியென்றால் தமிழிலும் இது இருக்கிறதே மிஸ்” என்றாள். ‘நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்’, ‘நீ வருவாய் என்று நம்புகிறேன்’. இரண்டாவதை ‘வர வேண்டும் என்று நம்புகிறேன்’ என நாம் சொல்வதில்லை. எஸ்பேரே ஏன் கூற்றுப்பாங்கை எடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அப்புறம் நானே இன்னொன்றைக் கவனித்தேன். ‘நேற்று அவர் போவதற்கு முன்’ என்கிறோம், ‘போன பிறகு’ என்கிறோம். இரண்டுமே நேற்று நடந்து முடிந்தவை. இருந்தும் ‘முன்’ வந்தால் இறந்தகால வடிவத்தைத் தொடுவதில்லை. பிரெஞ்சிலும் ‘அவாங் கெ’ (முன்) உளங்கோள் கேட்கும், ‘அப்ரே கெ’ (பிறகு) இலக்கணப்படி கூற்றுப்பாங்கு கேட்கும். பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே பலர் அப்ரே கெ-வுக்கும் உளங்கோள் போட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி:

அம்மா, சொல் நன்றாக இருக்கிறது. ‘ஐயவினை’யை நான் விட்டுவிடுகிறேன். இரண்டு கேள்விகள். கோள் என்றதும் வானத்துக் கோள் நினைவுக்கு வராதா? அடுத்து, ‘அவர் வருவார் என்று நினைக்கிறேன்’, ‘வருவார் என்று நினைக்கவில்லை’ இரண்டிலும் தமிழில் வினை மாறவில்லை. பிரெஞ்சில்?

மறுமொழி:

ஐயா, மிக்க நன்றி. மேற்கோள், வேண்டுகோள், குறிக்கோள் என்று எவ்வளவோ பழகிவிட்டோம், அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இரண்டாவது கேள்வியில் தமிழ் கைகொடுக்காது, பெயர் கைகொடுக்கும். ‘க்ருவார்’ (நினை) உடன்பாட்டில் வந்தால் பேசுபவர் மென்மையாகவாவது ஒன்றைக் கூறிவிடுகிறார், அதனால் கூற்றுப்பாங்கு. எதிர்மறையில் அந்தக் கூற்றைக் கைவிட்டுவிடுகிறார், அதனால் பெரும்பாலும் உளங்கோள். ‘தமிழ் தெரிந்த யாராவது வேண்டும்’ என்று தேடும்போதும் அப்படியே. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நான் கூறவில்லை, அதனால் ‘கி சாஷ்’ (தெரிந்த) என்ற உளங்கோள். இன்னார் என்று தெரிந்துகொண்டு அவரைத் தேடினால் ‘கி சே’ என்ற கூற்றுப்பாங்கு.

உளங்கோளுக்கு நான்கு காலவடிவங்கள் உண்டு. நிகழ்காலமும் இறந்தகாலமும் வகுப்புக்குப் போதும். மற்ற இரண்டும் இன்று பேச்சில் இல்லை, பழைய இலக்கியம் படிக்கும்போதுதான் எதிர்ப்படும். அவற்றில் ‘அம்பார்ஃபே’ என்பதற்கு ‘முற்றா இறந்தகாலம்’ சரியா, ‘தொடர் இறந்தகாலம்’ சரியா?