இளையராஜாவை மகளுக்கு எதிலிருந்து கேட்க வைக்கலாம்?

செங்காங் அப்பா:
மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பள்ளியில் சிசிஏ என்கிற இணைப்பாட நடவடிக்கைக்கு மேற்கத்திய வயலின், சனிக்கிழமை காலையில் கர்நாடக வாய்ப்பாட்டு. ஒரு டீச்சர் ஸ்வரத்தை ஆட்டாதே என்கிறார், இன்னொருவர் ஏன் இப்படி கட்டை மாதிரி நிற்கிறது, அசை என்கிறார். பிள்ளை குழம்பிப்போய் ஏதாவது ஒன்றை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறாள். இரண்டையும் சேர்த்தவர் இளையராஜா, அவரைக் கேள் என்றேன். "அம்மா சமைக்கும்போது ஒலி 96.8 வானொலியில் வருமே, அதுதானே" என்று போய்விட்டாள். எதைப் போட்டுக் காட்டலாம்? 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேற்றிய சிம்பொனியா?

பிடோக் மோகனம்:
சிம்பொனி அப்புறம் இருக்கட்டும் அண்ணே. முதலில் 'ஆனந்த ராகம்', பன்னீர் புஷ்பங்கள், 1981. ராகம் சிம்மேந்திரமத்யமம். அதே ஏழு ஸ்வரங்களை மேற்கில் ஹங்கேரியன் மைனர் என்பார்கள், அதனால் வயலின் வாசிக்கும் பிள்ளைக்கு விரல் தானாகப் போகும். இடையிசையில் வயலின் கூட்டம் எப்படிப் பாய்கிறது, பிறகு ஜேசுதாஸும் உமா ரமணனும் பாடும்போது அதே ஸ்வரங்கள் எப்படிக் குழைகின்றன என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பாட்டைப் பற்றி நாம் பெருமை பேச ஆரம்பித்தால் அந்த வயசுப் பிள்ளைகள் காதை மூடிக்கொள்ளும், அதனால் போட்டுவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுவது நல்லது.

கச்சேரிப் பைத்தியம்:
சினிமாப் பாட்டில் ஒரு ராகச் சாயல் இருந்தால் அது சாஸ்திரிய சங்கீதம் ஆகிவிடுமா? நாலரை நிமிடத்தில் ராகத்துக்கு என்ன இடம் இருக்கிறது? மேலே குரல், கீழே டிரம்ஸ், பக்கத்தில் ஒரு வீணை, இதைக் கலப்பு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பிள்ளையை ஒழுங்காக வர்ணம் மாதிரி கர்நாடகப் பயிற்சிப் பாட்டு பாட விடுங்கள் சார்.

தேக்கா அக்கா:
தம்பி சொல்வது நிறைய பேருடைய இசைக்குப் பொருந்தும், இவருக்குப் பொருந்தாது. கலப்பு வாத்தியத்தில் இல்லை. நம் சங்கீதம் ஒற்றைக் கோடாகப் போகிறது, மேற்கத்திய இசையின் கார்டு (chord) என்றால் மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். குரல் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, அசைக்கும் நேரத்தில் பியானோ அதே காந்தாரத்தை நேராகப் பிடித்தால் காதில் உரசும். அப்படியானால் எங்கே அசைப்பது, எங்கே நேராக விடுவது, அடியில் பேஸ் என்கிற கீழ்க்குரல் எந்தப் பக்கம் நகர்வது என்று ஒருவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதியாக வேண்டும். அந்தப் பிள்ளையின் இரண்டு டீச்சரும் சொல்வது இதைத்தானே, இரண்டுமே சரி, அதனதன் இடத்தில். நேரமில்லை என்கிற குறைக்கு 'கலைவாணியே' கேளுங்கள், சிந்து பைரவி, 1985. கல்யாணி ராகத்தில் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை மட்டுமே, இறங்குகிற அவரோகணமே கிடையாது. கச்சேரிக்காரர்களே யோசிக்கிற கட்டுப்பாடு அது.

வயலின் பிள்ளைக்கு நான் கொடுப்பது 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம் செய்த ஆல்பம். அதில் ஒரு துண்டில் பாக் தனி வயலினுக்கு எழுதிய இ மேஜர் பார்ட்டிட்டா என்கிற இசைத்தொகுப்பு ஓடிக்கொண்டே இருக்க, நம்ம ஊர் வயலின் அதன்மேல் வந்து பேசும். பள்ளியில் பாக் வாசித்திருந்தால் சட்டென்று பிடித்துவிடுவாள்.

கச்சேரிப் பைத்தியம்:
கலைவாணியே விஷயம் ஒத்துக்கொள்கிறேன் அக்கா. டிரம்ஸ் விஷயத்தில் இல்லை.

செங்காங் அப்பா:
நன்றி அக்கா. பாக் என்றதும் காதில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள், எம்ஆர்டி ரயிலில் கேட்கிறாளாம். நேரில் கேட்க இங்கே ஏதாவது உண்டா?

பிடோக் மோகனம்:
நவம்பர் வாக்கில் எஸ்பிளனேட் கலையரங்கில் கலா உத்சவம் என்கிற இந்தியக் கலைவிழா வரும், இலவச நிகழ்ச்சிகளும் இருக்கும். மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு மேடையேறும்போதும் கூட்டிப்போங்கள், நம் வாத்தியங்கள் கூட்டமாக உட்கார்ந்து வாசிப்பதை அவள் வயசில் பார்ப்பது நல்லது.