இடுப்பு முறிந்து தேறியபின் மலைப்பாதை சைக்கிள்: பக்கவாட்டில் பேட் வைத்த ஷார்ட்ஸ் யாராவது போடுகிறீர்களா?

ஓரப்பாறை:

வணக்கம். பல நாளாக வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வளைவில், அதுவும் நடக்கிற வேகத்தில், முன்சக்கரம் ஈர வேரில் வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்தேன். பெரிய குதியலில் விழுந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது, அன்று இரவே அறுவை, மூன்று ஸ்க்ரூ. வயது 43.

வாக்கர், ஊன்றுகோல், கைத்தடி எல்லாம் தாண்டி இப்போது வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்டில், ஒரு மணி நேரம் வலியில்லாமல் மிதிக்கிறேன். எலும்பு கூடிவிட்டது, சமமான மண் பாதையில் மெதுவாக ஆரம்பிக்கலாம், ஆனால் அதே பக்கம் மறுபடி விழாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். விழாமல் இருப்பது என் கையில் இருந்தால் போன தடவை ஏன் விழுந்தேன் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேட் வைத்த ஷார்ட்ஸ் என்று தேடினால் பாதிக்கு மேல் உட்காரும் இடத்தில் மெத்தை வைத்ததுதான் வருகிறது. எனக்கு வேண்டியது பக்கவாட்டில். அதிலும் சிலதில் மெல்லிய ஸ்பான்ஞ், சிலதில் தடித்த ரப்பர் மாதிரி ஒன்று, சிலதில் கெட்டியான ஓடு. எது சரி? இன்னொரு சிக்கல், தழும்புக்குக் கீழே ஸ்க்ரூவின் தலை தட்டுப்படுகிறது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலே உறுத்தும். அதன் மேல் இறுக்கமாக எதையாவது போட முடியுமா? கடைசியாக ஒன்று, ஒளிக்காமல் சொல்லுங்கள், இதெல்லாம் உண்மையிலேயே எலும்பைக் காப்பாற்றுமா, இல்லை மனசுக்கு ஒரு தைரியம் மட்டும்தானா?

பழையசெயின்:

வாங்க தம்பி. எனக்கு 58, வலது பக்கம் பிளேட்டும் ஒரு தடித்த ஸ்க்ரூவும் இருக்கிறது, நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அதே பக்கம் விழுந்து எழுந்திருக்கிறேன், இரண்டு தடவையும் பேட் போட்டிருந்தேன். பேட் இல்லாமல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால் இதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த ஷார்ட்ஸ் என்பதைவிடப் பேட் எங்கே உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி. நான் முதலில் வாங்கியதில் பேட் அழகாக, தடிமனாக இருந்தது, ஆனால் பெல்ட் கட்டும் இடத்தில் இருக்கிற எலும்பைத்தான் மூடியது. நாம் பக்கவாட்டில் விழும்போது தரையில் முதலில் மோதுவது அது இல்லை. இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து ஒரு உள்ளங்கை அகலம் கீழே, வெளிப்பக்கம், ஒரு மேடு தட்டுப்படும். விரலை அங்கே வைத்துக்கொண்டு பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பாருங்கள், விரலுக்கடியில் அந்த மேடு உருளும். அதுதான் தொடை எலும்பின் மேல் முனை. அதில் விழுகிற அடிதான் நேராகக் கழுத்துப் பகுதிக்குப் போகிறது. பேட்டின் நடுப்பகுதி இதன் மேல் இருக்க வேண்டும், ஓரம் இல்லை.

இன்னொன்று, கடையில் நிமிர்ந்து நின்று போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சைக்கிளில் உட்கார்ந்து முன்னால் குனிந்து முட்டியை மடக்கும்போது துணி இழுபட்டு பேட் நகர்ந்துவிடும். நான் செய்வது என்னவென்றால், தோலில் அந்த மேட்டின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் பத்து நிமிடம் மிதித்துவிட்டு, இறங்காமலே புள்ளி எங்கே இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ, வீட்டுக்குள் செய்யுங்கள்.

அதனால் தொளதொள ஷார்ட்ஸிலேயே பேட் தைத்து வருவதை வாங்காதீர்கள். உள்ளே ஒட்டிப் போடுகிற இறுக்கமான ஷார்ட்ஸில் பேட், அதன் மேல் வழக்கமான ஷார்ட்ஸ். தொளதொளப்பில் இருக்கிற பேட் தரையில் உரசும்போது முதலில் சுழன்று போய்விடும், அப்புறம் எலும்பு தனியாக மோதும்.

ஒற்றைக்கால்கொக்கு:

நான் பிசியோ. மலைச் சைக்கிளும் ஓட்டுவேன், ஆனால் உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவள் இல்லை, அதனால் பொதுவாகவே சொல்கிறேன்.

கெட்டியான ஓடா, மென்மையான பேடா என்று கேட்டீர்கள். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. வயதானவர்களுக்கென்று மருத்துவக் கடைகளில் விற்கும் இடுப்புக் காப்பில் இந்த இரண்டு வகையும் உண்டு. ஓடு வகை ஒரு குவிந்த மூடி மாதிரி அந்த மேட்டைத் தொடாமல் நின்று, அடியைச் சுற்றியிருக்கிற சதைக்குப் பிரித்துவிடும். மென்மையான வகை தானே நசுங்கி அடியின் உச்சத்தைக் குறைக்கும். சைக்கிள் ஷார்ட்ஸில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. டி3ஓ, சாஸ்டெக் என்றெல்லாம் பெயர் பார்த்திருப்பீர்கள். மெதுவாக அழுத்தினால் மாவு மாதிரி குழையும், வேகமாக அடித்தால் இறுகும். குளிரில் கொஞ்சம் விறைத்திருக்கும், உடம்புச் சூட்டில் இளகிவிடும். உங்களுக்கு ஸ்க்ரூ தலை உறுத்துவதால் இந்த வகைதான் சுலபமாகப் பழகும் என்று நினைக்கிறேன். ஓட்டின் விளிம்பு தழும்பின் மேல் வந்தால் அரை மணி நேரத்தில் கழற்றி எறிந்துவிடுவீர்கள். கழற்றி வைத்த காப்பு யாரையும் காப்பாற்றாது, முதியோர் இல்லங்களில் இந்தக் காப்புகளைப் பற்றி வருகிற பெரிய தலைவலியே இதுதான்.

வாங்கும்போது லேபிளில் இஎன் 1621-1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது மோட்டார் சைக்கிள்காரர்களுக்கான தரம், கை, கால், இடுப்புப் பேடுகளுக்கு. சைக்கிள் பேடுகளிலும் பல நிறுவனங்கள் இதைத்தான் போடுகின்றன. 50 ஜூல் அடி கொடுத்து அடிப்பக்கம் எவ்வளவு விசை கசிகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. எண்ணே இல்லாத மெல்லிய ஸ்பான்ஞ் சிராய்ப்புக்கு நல்லது, அவ்வளவுதான்.

ஆனால் 50 ஜூல் என்பது 5 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. 75 கிலோ ஆள் நின்ற உயரத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தால் அதைவிடப் பல மடங்கு ஆற்றல் வரும். எல்லாம் ஒரே புள்ளியில் இறங்காது, கை, தோள், சதை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால்தான் எல்லா விழுகையிலும் எலும்பு முறிவதில்லை. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: பேட் நேரடி அடியைக் குறைக்கும், முறிவே வராது என்று உத்தரவாதம் தராது. கால் எங்காவது மாட்டிக்கொண்டு தொடை முறுக்கப்பட்டால் பேட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொரு விஷயம் பேட்டைவிட முக்கியம். வெளிப்பக்கம், தழும்பு இருக்கிற இடத்தில் உறுத்தல் என்றால் பெரும்பாலும் ஸ்க்ரூ தலையோ அதன் மேல் உரசுகிற தசைநாரோ காரணமாக இருக்கும். காலை ஊன்றும்போது கவட்டையில், அதாவது தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்பில் வலி வந்தால் அதை விடாதீர்கள், டாக்டரிடம் போய் மறுபடி படம் எடுத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதி முறியும்போது எலும்பின் தலைக்குப் போகிற ரத்த ஓட்டமும் அடிபடலாம், அதன் விளைவு எலும்பு கூடிய பிறகும், ஒன்றிரண்டு வருடம் கழித்தும்கூடத் தெரியவரும். அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் ஃபிளாய்ட் லாண்டிஸ் நினைவிருக்கிறதா? அவருக்கும் விழுந்ததில் இடுப்பு முறிந்து ஸ்க்ரூ போட்டார்கள், பிறகு மூட்டின் தலை செத்துப்போய், அந்த வலியோடுதான் 2006 டூர் டி பிரான்ஸ் ஓட்டி முதலில் வந்தார், அதே வருடம் மூட்டின் தலைக்கு உலோக மூடி போடுகிற அறுவை செய்துகொண்டார். ஊக்கமருந்து விவகாரத்தில் அந்தப் பட்டம் பறிபோனது வேறு கதை.

கிளம்புவதற்கு முன்னால் கண்ணாடி முன் இடது காலில் மட்டும் நின்று பாருங்கள். வலது பக்க இடுப்பு கீழே இறங்கினால் பக்கவாட்டுத் தசை இன்னும் தயாராகவில்லை. அந்தத் தசைதான் நீங்கள் சாயும்போது காலை ஊன்றி நிறுத்தப் போகிறது. 30 நொடி ஆடாமல் நிற்க முடிந்த பிறகு ஷார்ட்ஸைப் பற்றிப் பேசலாம்.

நேர்க்கோடு:

எல்லாரும் பேட், பேட் என்கிறீர்கள். ஷூவைப் பூட்டிக்கொள்கிற கிளிப் பெடலா, சாதா பெடலா என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? நடக்கிற வேகத்தில் விழுந்தேன் என்கிறார். ஷூ பெடலில் மாட்டிக்கொண்டு, மரம் சாய்கிற மாதிரி சைக்கிளோடு சாய்ந்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன். கிளிப்பைத் தூக்கிப் போடுங்கள். ஷார்ட்ஸ் வாங்குகிற காசில் ஷூ வழுக்காமல் பிடிக்கிற குட்டி முட்கள் வைத்த நல்ல அகலமான பெடலும் அடிப்பாகம் ஒட்டுகிற ஷூவும் வாங்குங்கள்.

ஒற்றைக்கால்கொக்கு:

இது சரியான பாயின்ட், நான் சொல்லியிருக்க வேண்டும். கிளிப்பிலிருந்து விடுபடக் குதிகாலை வெளியே முறுக்க வேண்டும், அந்த முறுக்கு நேராக இடுப்பு மூட்டுக்குத்தான் போகிறது. ஆனால் காசை ஏன் இரண்டில் ஒன்றுக்கு என்று பிரிக்கிறீர்கள், இரண்டும் வேண்டும்.

மண்வாசம்:

அண்ணா, எனக்குத் தொடை எலும்புக்குள் ராடு வைத்திருக்கிறார்கள், ஒன்றரை வருடம் ஆகிறது, இப்போது பழையபடி இறக்கத்தில் ஓட்டுகிறேன். இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, ஆணுக்கென்று வெட்டிய ஷார்ட்ஸ் எனக்குப் பொருந்தவே இல்லை, பேட் முன்தொடைக்கு வந்துவிட்டது. பழையசெயின் அண்ணன் சொன்ன புள்ளிச் சோதனையை அப்போது செய்திருந்தால் ஒரு ஷார்ட்ஸ் மிச்சம். பேட்டைக் கழற்றி மாட்டுகிற மாதிரி உள்ளே பை வைத்த ஷார்ட்ஸ் வாங்குங்கள். பை இருக்கும் இடம் சரியில்லை என்றால் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்து இறக்கித் தைத்துக்கொள்ளலாம். ஒட்டியே வருகிற பேட்டில் அது முடியாது.

இரண்டு, நடக்கிற வேகத்தில் விழுந்து 43 வயதில் இடுப்பு முறிந்தால் எலும்பின் அடர்த்தியை யாராவது பார்த்தார்களா? என் டாக்டர் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அடர்த்தி குறைவு என்று வந்தது. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டி, ஓடவும் இல்லை, எடை தூக்கவும் இல்லை. சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் தாங்கிவிடுகிறது, எலும்புக்கு அதில் பெரிய வேலையில்லை. எனக்கு வைட்டமின் டி-யும் தரைமட்டத்தில்தான் இருந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் எடை தூக்குகிறேன். சைக்கிளைவிட அது போரடிக்கிறது.

ஓரப்பாறை:

எல்லாருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆமாம் நேர்க்கோடு, கிளிப்தான் போட்டிருந்தேன், அதை எழுதாமல் விட்டதற்கு வெட்கமும் ஒரு காரணம். மாற்றிவிட்டேன். ஒற்றைக்காலில் முதல் நாள் 11 நொடி, நேற்று 30 தாண்டியது, பல் துலக்கும்போதே செய்கிறேன். கவட்டையில் வலி இல்லை. டெக்ஸாவுக்கு எழுதி வாங்கியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.

ஷார்ட்ஸ் வந்துவிட்டது, பை வைத்தது, லெவல் 1 பேட். புள்ளி வைத்துப் பார்த்ததில் பேட் இரண்டு விரல் மேலே இருந்தது, பிரித்து இறக்கியாகிவிட்டது. ஆனால் ஸ்க்ரூ தலை இருக்கிற இடம் இருபது நிமிடத்தில் எரிய ஆரம்பிக்கிறது. பேட்டில் அந்த இடத்தில் மட்டும் ஓட்டை போட்டுவிடலாமா என்று யோசனை. இல்லாவிட்டால் ஸ்க்ரூவையே எடுத்துவிடச் சொல்லலாமா?

பழையசெயின்:

ஓட்டை போடாதீர்கள் தம்பி! பேட் கிழிய ஆரம்பிப்பதே அங்கிருந்துதான், தாங்க வேண்டிய இடமும் அதுதான். பேட்டுக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய ஃபெல்ட் துணியில் வளையம் வெட்டி வையுங்கள், உறுத்துகிற இடம் வளையத்தின் நடுக் குழியில் வரட்டும். பேட் அதன் மேல் பாலம் மாதிரி நிற்கும். நான் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஷார்ட்ஸின் தையல் விளிம்பு தழும்பின் மேல் ஓடுகிறதா என்றும் பாருங்கள், எனக்குப் பாதி எரிச்சல் அதனால்தான்.

ஒற்றைக்கால்கொக்கு:

ஸ்க்ரூ எடுப்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, உறுத்தலுக்காக எடுப்பவர்கள் உண்டு. ஆனால் எடுத்தவுடன் எலும்பில் ஓட்டைகள் மிச்சமிருக்கும், அவை நிரம்பும் வரை அந்த இடம் பலவீனம்தான், அந்தக் காலத்தில் மலைப்பக்கம் போகக்கூடாது. இப்போதுதான் ஓட்ட ஆரம்பித்திருக்கிறீர்கள். முதலில் வளையத்தை முயன்று பாருங்கள்.

ஓரப்பாறை:

வளையம் வேலை செய்கிறது, நேற்று 50 நிமிடம் ஓட்டினேன். விழவில்லை. ஏறி இறங்கும்போது மட்டும் இன்னும் பயம், பின்னால் காலைச் சுழற்றிப் போட முடியவில்லை, சைக்கிளைப் படுக்கிற மாதிரி சாய்த்துவிட்டு ஏறுகிறேன். பேட் வியர்வையில் நாறுகிறது, மெஷினில் போடலாமா?

மண்வாசம்:

டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்குகிற தண்டு) இருந்தால் ஏறும்போதும் நிறுத்தும்போதும் சீட்டை முழுக்க இறக்கிவிடுங்கள் அண்ணா, இரண்டு காலும் தரையில் எட்டினால் பாதிப் பயம் போய்விடும். பேட்டைக் கழற்றிவிட்டு ஷார்ட்ஸை மட்டும் மெஷினில் போடுங்கள். பேட்டைக் கையால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம், நுரைப்பொருள் நாளடைவில் பொடிந்துவிடும்.

ஓரப்பாறை:

மொட்டை மாடியில் போட்டிருக்கிறேன். எடுத்துவிட்டு வருகிறேன்.