அப்பாவின் உயில்: 213-ஆம் பிரிவு போய்விட்டதே, இனி புரொபேட் வாங்க வேண்டுமா?

கலைவாணி, பெரம்பூர்:
வணக்கம். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா தை மாதம் காலமானார். அம்மா முன்பே போய்விட்டார். நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், தங்கை. பெரம்பூர் வீடு அப்பா தன் சம்பளத்தில் வாங்கியது. 2016-இல் வெள்ளைத்தாளில் கைப்பட உயில் எழுதி வைத்திருக்கிறார், பதிவு செய்யவில்லை. வீடு எனக்கும் தங்கைக்கும் சரிபாதி. அண்ணனுக்கு ஃபிளாட் வாங்கப் பணம் கொடுத்ததைக் காரணமாக எழுதியிருக்கிறார். உயிலை நிறைவேற்ற வேண்டிய எக்ஸிகியூட்டர் நான். அப்பாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்ததும் நான்தான். அண்ணன் எங்களோடு பேசுவதில்லை.

சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது இல்லை. இன்னொருவர் அப்பாவோடு வேலை பார்த்த மாமா, தென்காசியில் மகன் வீட்டில் இருக்கிறார். சென்னைச் சொத்துக்கு புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று, கட்டாயம் என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தார்கள். இப்போது அந்தச் சட்டமே நீங்கிவிட்டது என்று பேப்பரில் வந்திருக்கிறது. அப்படியானால் உயிலைக் காட்டி நேராகப் பட்டா மாற்றிக்கொள்ளலாமா? தங்கை அதைத்தான் சொல்கிறாள்.

வக்கீல் குமாஸ்தா:
அம்மா, உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முத்திரைத்தாளும் வேண்டியதில்லை. எழுதியவர் கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அது.

நீங்கள் படித்த செய்தி சரி. சென்னை, மும்பை, கல்கத்தா ஐகோர்ட் எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே உள்ள வீடு, நிலத்துக்கும் இந்துக்கள் புரொபேட் வாங்காமல் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது என்று இருந்தது. அந்த 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். நீங்கியது கட்டாயம் மட்டும்தான். விரும்பினால் இப்போதும் மனுப் போடலாம். அண்ணன் தகராறு செய்தால் உயிலைச் சாட்சி வைத்து நிரூபிக்கும் பொறுப்பும் அப்படியே உங்கள் தலையில்தான் இருக்கிறது. பட்டா மாறியதாலேயே உயில் நிரூபணம் ஆகிவிடாது.

புரசை ரவி:
அக்கா, பட்டா மாற்றிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். என் அத்தையின் உயிலுக்கு நான் எக்ஸிகியூட்டராக இருந்து ஐகோர்ட்டில் புரொபேட் வாங்கினேன். அப்போது 213 அமலில் இருந்தது, வேறு வழியில்லை. அன்றைக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் இருந்திருந்தாலும் அதே வேலையைத்தான் செய்திருப்பேன்.

அத்தை டீச்சர். குழந்தை இல்லை, மாமா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். புரசைவாக்கத்தில் தன் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு. உயில் இல்லாமல் அவர் போயிருந்தால் அந்த வீடு அவர் கூடப்பிறந்தவர்களுக்கு வராது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளையும் கணவரும் இல்லாத பெண் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மாமாவின் அண்ணன் பிள்ளைகளுக்கு! அத்தைக்கு அது தெரியும். அதனால்தான் கணவனை இழந்த தன் தங்கை மகளுக்கு வீட்டை எழுதி வைத்தார்.

மனுவில் அந்த அண்ணன் பிள்ளைகளைத்தான் எதிர்மனுதாரராகக் காட்ட வேண்டியிருந்தது. உயில் இல்லாவிட்டால் யார் வாரிசோ அவர்கள் எல்லோருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். பேப்பரிலும் விளம்பரம் வரும். அசல் உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து மதிப்புக் கணக்கு, சாட்சியின் பிரமாணப் பத்திரம் எல்லாம் கோர்ட்டுக்குப் போகும். சம்மதிக்கிறவர்கள் சம்மதப் பத்திரம் கொடுத்துவிட்டால் விஷயம் சுலபம். எங்களுக்கு அவர்களில் ஒருவர் கேவியட் என்ற ஆட்சேப மனுப் போட்டார். உடனே மனு டி.ஓ.எஸ். என்று உயில் வழக்காக மாறிவிட்டது. அத்தைக்கு நினைவு சரியில்லை, ஆஸ்பத்திரியில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதியிருந்தார்கள். தன் புத்தியால் வாழ்ந்த ஒரு மனுஷியைப் பற்றி அப்படி ஒரு வரி! படித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

வழக்கைத் தூக்கி நிறுத்தியது சாட்சிதான். அத்தையோடு வேலை பார்த்த தலைமையாசிரியை. குறுக்கு விசாரணையில் யார் முதலில் கையெழுத்துப் போட்டது, எந்த அறை, வேறு யார் இருந்தார்கள் என்று துருவினார்கள். அவர் அசரவில்லை. அத்தையே உயிலை வாய்விட்டுப் படித்தார், ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருந்ததைத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார், பிறகுதான் கையெழுத்திட்டார் என்றார். உயிலை எடுத்துப் பார்த்தால் திருத்தம் அங்கே இருக்கிறது. அதற்கு மேல் அவர்கள் தரப்பில் கேள்வி எழவில்லை.

அந்த அம்மா தீர்ப்புக்கு அப்புறம் ரொம்ப நாள் இருக்கவில்லை. பத்து வருஷம் கழித்து யாராவது வழக்குப் போட்டிருந்தால் அத்தைக்காக யார் பேசியிருப்பார்கள்? உங்களுக்கு மிஞ்சியிருப்பதும் ஒரே சாட்சி. அவர் இருக்கும்போதே உயிலைக் கோர்ட் வழியாக உறுதி செய்துவிடுங்கள். புரொபேட் கிடைத்துவிட்டால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். நாளைக்கு வீட்டை விற்கப் போனால், வாங்குகிறவரின் வக்கீல் அண்ணன் கையெழுத்து எங்கே என்று கேட்கும்போது காட்ட ஒன்று இருக்கும்.

கலைவாணி, பெரம்பூர்:
ரவி சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். மாமாவுக்கு நடமாட்டம் குறைவு, ஆனால் பேச்சு தெளிவு. அவரைச் சென்னைக்கு வரவழைக்க மனம் வரவில்லை. அண்ணன் வீடு மாறிவிட்டான், விலாசம் தெரியாது. பழைய விலாசத்துக்கே நோட்டீஸ் அனுப்பினால் போதும் என்கிறாள் தங்கை.

புரசை ரவி:
அது வேண்டாம் அக்கா. சொந்தக்காரர்களிடம் விசாரித்துச் சரியான விலாசத்தையே கொடுங்கள். நோட்டீஸ் சேராமல் வாங்கிய புரொபேட்டை அதே காரணத்தைச் சொல்லிப் பின்னால் ரத்து செய்யக் கேட்கலாம். முடிந்தால் நோட்டீஸ் போகும் முன்பே உயிலின் நகலை நீங்களே அண்ணன் கையில் கொடுங்கள். ஃபிளாட்டுக்குக் கொடுத்த பணத்தை அப்பா மறக்காமல் எழுதியிருக்கிறார் அல்லவா? அதை அவர் கோர்ட் காகிதத்தில் முதல் தடவை படிக்கக் கூடாது.

வக்கீல் குமாஸ்தா:
ரவி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு முடியாத சாட்சியை அவர் இருக்கும் இடத்திலேயே விசாரிக்கக் கோர்ட் சார்பில் ஒரு வக்கீல் கமிஷனர் போடச் சொல்லி மனுச் செய்யலாம். அப்பா தன் கண் முன்னால் கையெழுத்திட்டார், அவர் முன்னிலையில் தானும் கையெழுத்திட்டேன் என்ற இரண்டையும் மாமா நினைவிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் தெரிந்துவிடும்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதும் நீங்கள், பாதி வீடு பெறுவதும் நீங்கள். சந்தேகம் கிளப்பினால் அதைத் தீர்ப்பது உயிலைக் கொண்டுவருபவரின் கடமை என்று 1959-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 2016-ஐ ஒட்டி அப்பா கையெழுத்திட்ட பென்ஷன் காகிதம், பேங்க் செக் எல்லாம் தேடி வையுங்கள். ஃபிளாட்டுக்குப் பணம் போன பாஸ்புக் பக்கம் கிடைத்தால் ரொம்ப நல்லது.

பக்கத்து வீட்டுக்காரரின் இறப்புச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அசல் உயிலை லேமினேட் செய்ய வேண்டாம், பின் அடிக்க வேண்டாம். அப்படியே உறையில் போட்டு வக்கீலிடம் எடுத்துப் போங்கள்.

கலைவாணி, பெரம்பூர்:
சரி. பாஸ்புக் அலமாரியில் இருக்கிறது. அண்ணியின் தம்பியிடம் விலாசம் கேட்டிருக்கிறேன். இந்த வாரக் கடைசியில் பொதிகையில் தென்காசி போகிறேன், தங்கையும் வருகிறாள்.