நாஹா–ககோஷிமா 1964: ஏடிஎஃப் முள் ஐந்து நிமிடம் முன்பே திரும்பிவிடுகிறது, உதவுங்கள்

விசிறிப்பிரியன்:
வணக்கம். டோக்கியோ ஒலிம்பிக் சுடரை 1964 செப்டம்பர் 9 அன்று ஒகினாவாவின் நாஹாவிலிருந்து தென் ஜப்பானின் ககோஷிமாவுக்குக் கொண்டுவந்தது ஓர் ஒய்எஸ்-11 விமானம். அதே தடத்தில் எக்ஸ்-பிளேன் 12 என்ற விமானப் பாவனை மென்பொருளில் பறந்து பார்க்க ஆசை. ஏறத்தாழ 355 கடல் மைல். ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டேன். திசைகாட்டி, கடிகாரம், தரையிலுள்ள ரேடியோ நிலையம் இருக்கும் திசையை முள்ளால் காட்டும் ஏடிஎஃப், அவ்வளவுதான்.

அன்றைய விமான நிலையம் நகரை ஒட்டிக் கடற்கரையில், கமோய்கேயில் இருந்தது. பழைய வரைபடம் ஒன்றின் ஸ்கேனைப் பார்த்து அந்த இடத்தில் ஒரு என்டிபியை, அதாவது ஏடிஎஃப் முள் நோக்கும் ரேடியோ நிலையத்தை, சேர்த்தேன். முள் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் விரிகுடா கண்ணில் படும் முன்பே, மகுராசாகிக்கு வடக்கே உள்ள மலைகளின் மேல், நிலையத்தைத் தாண்டிவிட்டதுபோல் விமானத்தின் வாலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. மேகத்துக்குள் இறங்கியிருந்தால் மலையில்தான் முடிந்திருப்பேன். காற்றின் வேகத்தைப் பூஜ்யமாக்கியும் இதே கதை. எங்கே தவறு?

நீலவானம்:
எதற்கு இந்தப் பாடு? இன்றைய ககோஷிமா விமான நிலையத்துக்கே போய்விடுங்களேன். வழிகாட்டும் விஓஆர், தரையிறக்க உதவும் ஐஎல்எஸ் எல்லாம் இருக்கின்றன.

விசிறிப்பிரியன்:
அது மிசோபே மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்ததே 1972-இல்தான். விரிகுடாவைத் தழுவி, எதிரே சகுராஜிமா எரிமலை புகைந்துகொண்டிருக்க, அலை உயரத்துக்கு இறங்கும் அனுபவம் அங்கே கிடைக்காது.

பழையபடம்:
விசிறிப்பிரியன், என்டிபிக்காக நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை அப்படியே இங்கே இடுங்கள். வரைபடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

விசிறிப்பிரியன்:
வரைபடத்தில் வடக்கு 31 டிகிரி 33 நிமிடம், கிழக்கு 130 டிகிரி 33 நிமிடம். கோப்பில் 31.33, 130.33 என்று எழுதியிருக்கிறேன்.

பழையபடம்:
அகப்பட்டுக்கொண்டது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் அல்லவா? 33-ஐ 60-ஆல் வகுத்தால் 0.55. ஆக 31.55, 130.55 என்று வர வேண்டும். நீங்கள் எழுதியபடி நிலையம் தெற்கே 13 கடல் மைலும் மேற்கே 11 கடல் மைலும் நகர்ந்துவிட்டது. நேர்கோட்டில் 17-க்குச் சற்று மேல். இறங்கும்போது 200 நாட் (மணிக்கு 200 கடல் மைல்) வேகம் என்றால் ஐந்து நிமிடத் தூரம். உங்கள் கடிகாரமும் அதையேதான் சொல்கிறது. தெற்கிலிருந்து வரும் உங்கள் பாதையும் ஏறக்குறைய அதே சாய்வில் இருப்பதால் முள் பக்கவாட்டில் விலகவில்லை, சந்தேகமும் வரவில்லை. நானும் ஒருமுறை இதே தவறில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

விசிறிப்பிரியன்:
ஐயா, மிக்க நன்றி! நேற்றிரவு முள் சரியாகக் கரையோரத்தில் திரும்பியது. அந்த மகிழ்ச்சியில் எக்ஸ்-பிளேனுக்கு நிலக்காட்சி வரையும் வேர்ல்டு எடிட்டரில் ஓடுபாதையையும் வரைந்தேன். இந்த முறை நிமிடம், விநாடி எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் மாற்றினேன். ஆனாலும் பாதையின் ஓர் ஓரம் கடலில் மிதக்கிறது. வரைபடமே பொய் சொல்கிறதா?

பழையபடம்:
வரைபடம் உண்மையைத்தான் சொல்கிறது, அதன் காலத்து அளவையில். பழைய ஜப்பானிய வரைபடங்கள் 'டோக்கியோ டேட்டம்' என்ற ஆயக்கணக்கைப் பின்பற்றியவை. அந்நாட்டு நில அளவைச் சட்டம் உலக ஆயக்கணக்குக்கு மாறியதே 2002 ஏப்ரலில்தான். எக்ஸ்-பிளேனோ உலகக் கணக்கில் இயங்குகிறது. பழைய எண்களை அப்படியே இட்டால் ககோஷிமா பக்கத்தில் எல்லாம் தெற்கே சுமார் 390 மீட்டரும் கிழக்கே சுமார் 210 மீட்டரும் தள்ளி விழும். அங்கே கிழக்கு என்றால் கடல். அட்சரேகையில் 0.0035 கூட்டுங்கள், தீர்க்கரேகையில் 0.00225 கழியுங்கள். இந்த அளவு ககோஷிமாவுக்கு மட்டும். சப்போரோவுக்கு இதையே போட்டுவிடாதீர்கள். என்டிபிக்கு இந்த 400 சொச்சம் மீட்டர் பொருட்டில்லை, ஓடுபாதைக்குத்தான் உயிர்.

விசிறிப்பிரியன்:
கரையேறிவிட்டது! ஒய்எஸ்-11-இன் டார்ட் எஞ்சின்களின் கீச்சொலியோடு இறங்கினேன். வலப்பக்கக் கண்ணாடி நிறைய சகுராஜிமா. கடைசியாக ஒன்று. அந்த இடத்தில் இப்போது மாகாண அரசு அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே இருப்பவற்றை மறைக்கும் எக்ஸ்குளூஷன் பெட்டி வரைந்தும் இரண்டு கட்டடங்கள் ஓடுபாதை நடுவிலேயே நிற்கின்றன.

பழையபடம்:
அந்த இரண்டும் நீங்கள் தனியாக நிறுவிய ஜப்பான் சீனரித் (நிலக்காட்சி) தொகுப்பிலிருந்து வருகின்றனவா? எக்ஸ்குளூஷன் பெட்டி, பட்டியலில் தனக்குக் கீழே உள்ள தொகுப்புகளை மட்டுமே அகற்றும். சீனரி பட்டியல் கோப்பைத் திறந்து, கமோய்கே வரியை அந்தத் தொகுப்புக்கு மேலே வெட்டி ஒட்டிவிட்டு எக்ஸ்-பிளேனை மறுபடி தொடங்குங்கள்.

விசிறிப்பிரியன்:
அதேதான், கீழே கிடந்தது. இப்போது இரண்டும் போய்விட்டன. அடுத்து மியாசாகிக்குக் கிளம்புகிறேன்.