இலங்கைக் காட்டில் என்ன பார்த்தீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்

பென்னாகரத்துக்காரன்:
சிகிரியா போய் வந்தவர்கள் எல்லோரும் பாறையையும் ஓவியங்களையும் சொல்வார்கள். என் மனதில் நிற்பது அடிவாரத்து மரத்தில் பார்த்த நரை அணில். முதுகெல்லாம் சாம்பல் பூசின நிறம், உடம்பளவுக்கு வால். கிளையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக் கிடந்தது. கூட வந்தவர்கள் இது இலங்கையில் மட்டும் இருக்கிற விலங்கா என்று கேட்டார்கள். இல்லை, ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரிக் கரை நீர்மருது மரங்களில் சின்ன வயதிலிருந்து நான் பார்க்கிற அணில்தான்.

உலகத்திலேயே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும்தான் இது உண்டு. இலங்கையில் மூன்று உள்ளினங்கள்: மலைநாட்டில் ஒன்று, மழை அதிகமுள்ள தென்மேற்கில் ஒன்று, மழை குறைந்த உலர்வலயத்தில் ஒன்று. அந்த உலர்வலயத்து அணிலும் நம் பக்கத்து அணிலும் ஒரே உள்ளினம். பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக் நீரிணை வெறும் தரையாகக் கிடந்தது. விலங்குகள் அந்த வழியே போய் வந்திருக்கின்றன.

இது லேசில் தரைக்கு இறங்காது. கூடு கட்டுவதே பக்கத்து மரக்கிளை வந்து தொடுகிற இடமாகப் பார்த்துத்தான். ஆபத்து என்றால் அப்படியே தாவிவிடும். அதனால் ஆற்றோரத்தில் ஒரு பெரிய மருது சாய்ந்தால் இதற்குப் பாதையே அறுந்துவிடுகிறது. காவிரி வடக்கு 2014இல், காவிரி தெற்கு 2022இல் சரணாலயங்கள் ஆனதில் எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி.

தளி விவசாயி:
நான் பார்த்தது யானை. மின்னேரியாக் குளத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வற்றி ஓரத்தில் புல் முளைக்கும். அதை மேய மந்தை மந்தையாக வந்து சேரும். ஒரே இடத்தில் அத்தனை யானைகளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் தந்தத்தைத் தேடித் தேடிக் கண் வலித்தது. அங்கே ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட தந்தம் கிடையாது. நம் ஊரில் ராகி பால் பிடிக்கிற நேரத்தில் வருகிற ஆண் யானைகளைப் பார்த்தவனுக்கு இது பெரிய வித்தியாசம். தந்தமில்லாத ஆணை நாம் மக்னா என்று தனியாகச் சொல்கிறோம். 2023இல் ஒரு மக்னாவைப் பாலக்கோடு பக்கம் பிடித்து ஆனைமலை டாப்சிலிப்பில் விட்டார்களே, அது கோயம்புத்தூர் வரைக்கும் நடந்தே போனது, ஞாபகம் இருக்கிறதா? அந்த மக்னா இலங்கையில் பிறந்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக இருந்திருக்கும்.

தர்மபுரி டீச்சர்:
சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போயிருந்தேன். தொப்பூர் கணவாயின் முள்காட்டைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்த ஈரமும் இருட்டும் வேறு உலகம். (அட்டைக்கு நீளமான சாக்ஸ் கட்டாயம்.) அங்குள்ள மரங்களில் பாதிக்கு மேல் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. பறவைகள் பல இனமாகச் சேர்ந்து கூட்டமாக இரை தேடிப் போகும். அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் தலைக்கு மேலே ஒரே ஆரவாரம். அதில்தான் இலங்கை நீல வால்காக்கை வந்தது: நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, சிவப்பு அலகு. அழுதே விட்டேன். நம் காட்டுக்கோழி சாம்பல் நிறம். அங்கே சேவல் ஆரஞ்சு நிறத்தில், சிவப்புக் கொண்டையில் மஞ்சள் திட்டோடு நிற்கிறது. இந்த இரண்டு பறவைகளும் அந்தத் தீவை விட்டால் எங்கேயும் கிடையாது.

முகாம் பேத்தி:
நான் கிருஷ்ணகிரி மாவட்டத்து இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். இலங்கையை இன்னும் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு வன்னிக் காடு அம்மம்மா வாயால் தெரியும். பாலைப்பழம், வீரைப்பழம் பொறுக்கப் போவார்களாம். பாலைப்பழத்தில் பால் இருப்பதால் நிறையத் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் தடவித்தான் எடுக்கணும் என்பார். அந்தப் பழத்துக்குக் கரடியும் மரமேறும் என்பதால் பிள்ளைகளைத் தனியாக விடமாட்டார்கள். வீட்டுக் கதவு, நிலை எல்லாம் முதிரை. இங்கே புரசு என்று சொல்கிற மரம்தான் அது.

பாலையும் வீரையும் தமிழ்நாட்டிலும் உண்டு என்று படித்தேன். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் கோயில் காட்டிலோ ரோட்டோரத்திலோ ஒரு பாலை மரம் இருந்தால் யாராவது இடம் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு அதிகம் நடக்க முடியாது, வண்டி போகிற இடமாக இருந்தால் நல்லது.